ஜி படிக்கட்டில் ஒரு நன்றி

அன்று மாலை ஐந்தரைக்குள் என் மகள் கீலி ஒரு கட்டத்தை நிரப்பியாக வேண்டும். நான் காலை ஆறு மணிக்கே எழுந்துவிட்டேன். கெட்டிலைப் போட்டேன், டீத்தூள் போட மறந்து வெறும் வெந்நீரைக் குடித்தேன், சைக்கிளை எடுத்தேன், கையுறைக்காகத் திரும்ப வந்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பதினேழு வயதில் எப்படித்தான் தூக்கம் வருகிறதோ.

எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட மதிப்பெண் மட்டும் போதாது. விண்ணப்பத்தில் 'எந்தக் கல்லூரி' என்று ஒரு கட்டம் இருக்கும். முப்பது சொச்சம் கல்லூரிகளில் ஒன்றை அதில் போட வேண்டும். போட்ட கல்லூரிதான் நேர்காணலுக்குக் கூப்பிடும். சேர்த்துக்கொண்டால் மூன்று வருஷம் சாப்பாடும் படுக்கையும் அங்கேதான். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது படித்ததனால் அல்ல. கேம்பிரிட்ஜில் பிறந்தவள் நான்; பதினான்கு வருஷமாக செயின்ட் ஓஸித் கல்லூரியில் மாணவர்களின் அறைகளைச் சுத்தம் செய்கிறேன். ஒவ்வொரு படிக்கட்டுக்கும் ஒரு எழுத்து, அதில் ஏறிப் போகிற அறைகளுக்கெல்லாம் அதுவே பெயர்; ஜி படிக்கட்டு என்னுடையது. மூன்று மாடி, பதினோரு அறை, பதினோரு குப்பைக்கூடை.

கீலிக்குக் கல்லென்றால் உயிர். கடற்கரைக்குப் போனால் மற்ற பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்கும், இவள் பை கேட்பாள். அவள் சட்டைப்பையில் கிடந்த கற்களாலேயே இரண்டு வாஷிங் மெஷின் போயிற்று. எட்டு வயதில் ஊழியர் பிள்ளைகளுக்கான கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஓஸித்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாப்பாட்டுக் கூடத்தின் கல் தரையில் குப்புறப் படுத்து, அதில் பதிந்திருந்த பழங்காலத்து ஓட்டைப் பார்த்து, 'அம்மா, இந்தக் கல்லுக்குள்ள நத்தை இருக்கு' என்று கத்தினாள். அன்றிலிருந்து ஓஸித் என்றால் ஓஸித்தான்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தாள். பத்துக் கல்லூரிகள், எது எவ்வளவு தூரம், நூலகம் எத்தனை மணிவரை, பாறையியல் சொல்லித்தர யார் இருக்கிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் மார்க். தலையில் ஓஸித். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் அதைக் கறுப்பு மையால் அடித்திருந்தாள். ஒரு கோடு அல்ல, மூன்று கோடு. கீழே நியூமார்ச் என்ற கல்லூரிக்கு ஒரு வட்டம். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அதற்கு முந்தின நாள் ஓஸித்தில் பார்வையாளர் தினம். விண்ணப்பம் போடப்போகிற பிள்ளைகளை ஒரு மாணவன் ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு வந்து, மாதிரிக்கு ஒரு அறையைக் காட்டுவான். அந்த அறை என் படிக்கட்டில் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்தேன். காலடிச் சத்தம் கேட்டதும் வாளியை ஓரம் தள்ளிவிட்டு, முதுகால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பிள்ளையாக நன்றி சொல்லிக்கொண்டே உள்ளே போனது. ஒரு நாளைக்கு நாற்பது நன்றி எனக்கு வரும். அது காதில் விழும், அவ்வளவுதான்.

ஏழாவதாக வந்தது மஞ்சள் மழைக்கோட்டு. அந்தக் கோட்டை வாங்கிக் கொடுத்தவளே நான்தான்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் என் மகள்.

"பரவாயில்லைங்க," என்றேன் நான்.

அவள் உள்ளே போய்விட்டாள். நான் அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை வீட்டுக்கு வந்து, பாறையியல் சொல்லித்தரும் டாக்டர் பிரையர் ஒரு கல்லைக் கையில் கொடுத்து அரைமணி நேரம் பேசினார் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். படிக்கட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுநாள்தான் அந்த மூன்று கோடு.

அது நடந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. விண்ணப்பத்தின் கடைசி நாளான அன்று காலை, பத்து மணி டீக்கு எச் படிக்கட்டைச் சுத்தம் செய்கிற பாம் வந்து உட்கார்ந்தாள். பாமுக்கு வாயில் பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது.

"என்ன க்ளெண்டா, உன் பொண்ணு எதைப் போட்டா?"

"நியூமார்ச்சாம்."

"அங்கயா? சைக்கிள் மிதிச்சே மூணு வருஷமும் ஓடிடும். வெந்நீரும் மத்தியானத்துக்கு மேல வராது, என் தங்கச்சி அங்க ஒரு வருஷம் வேலை பார்த்தா." பிஸ்கட்டை டீயில் முக்கினாள். "ஏன், இங்க போட என்ன? நீ இருக்கேன்னு வெக்கமா அவளுக்கு?"

"உன் வேலையைப் பாருடி."

"கேட்டேன், அவ்ளோதான். கடிக்காத."

டீயைப் பாதியில் வைத்தேன். எழுந்து மாடிக்குப் போனேன். துடைத்த மேஜையையே துடைத்தேன். படுக்கை விரிப்பைத் தலைகீழாகப் போட்டேன். அடிக்கடி மணியைப் பார்த்தேன், அது நகர்வதாக இல்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குப்பைக்கூடை அறைக்கு வெளியே இருந்தால் உள்ளே வராதே என்று அர்த்தம். தூங்குகிறான், அல்லது எழுதுகிறான், அல்லது உள்ளே இரண்டு பேர். அதை மீறினால் இந்த வேலைக்கே லாயக்கில்லை என்று புதிதாக வருகிற பெண்களுக்கு நானே சொல்வேன். அன்று மூன்றாம் மாடியில், ஏதோ யோசனையில் வெளியே இருந்த கூடையைக் காலால் நகர்த்திவிட்டு, சாவி போட்டுத் திறந்து நேரே உள்ளே போய் நின்றேன். இடுப்பில் ஒரு துண்டோடு ஒரு பையன், வாய் நிறைய ரொட்டி.

"ஐயோ... ரொம்ப நன்றிங்க!" என்றான்.

எதற்கு நன்றி? நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியவள். அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் மரியாதையும் இல்லை, அலட்சியமும் இல்லை. வெறும் பயம். என்ன சொல்வதென்று தெரியாமல் வாயில் அகப்பட்டதைச் சொல்லிவிட்டான்.

கதவைச் சாத்திவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மஞ்சள் கோட்டுக்காரியின் முகத்தை அன்று நான் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தைப் பார்க்காமலேயே ஒரு மாதமாக அவள் மேல் மனஸ்தாபம் வளர்த்து வைத்திருக்கிறேன்.

வேலை முடிந்ததும் மழையில் ஆர்பரியில் இருக்கிற எங்கள் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். மூன்று மணிக்கே வீடு. அவள் வர நேரம் கிடந்தது. பள்ளியில் இருக்கும்போது போன் பண்ணினால் எடுக்க மாட்டாள், எடுத்தாலும் இதைப் போனில் எப்படிச் சொல்வது? உருளைக்கிழங்கு உரித்தேன், ஆறு பேருக்கு ஆகிற அளவு. ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். நாலரை ஆயிற்று, காணோம். பஸ் தாமதம். ஐந்து மணிக்கு நனைந்துபோய் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைச் சமையலறை மேஜையில் திறந்தாள்.

"ஸ்கூல்லேர்ந்து ஹாலம் ஸார் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டார். அஞ்சரைக்குள்ள நான் அனுப்பினாத்தான் அவர் சிபாரிசு எழுதினதைச் சேர்த்து ஆறுக்குள்ள அனுப்ப முடியும்."

"எந்தக் காலேஜ் போட்டிருக்க?"

"அதான் தெரியுமே. நியூமார்ச்."

"ஓஸித்தை ஏன் அடிச்ச?"

"பிடிக்கல."

"எட்டு வயசுல பிடிச்சுது. ஆகஸ்ட்ல பிடிச்சுது. செப்டம்பர்ல என்ன கேடு வந்துச்சு?"

"அம்மா, டைம் ஆகுது. ப்ளீஸ்."

"நான் வாளியும் கையுமா நின்னதைப் பார்த்த. அதானே?"

அவள் திரும்பினாள். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ வாளியோட நிக்கிறதை நான் பொறந்ததுலேர்ந்து பாக்கறேன்."

"பின்ன?"

"நான் அன்னிக்குச் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எனக்கும்தான் கேட்டுச்சு. சொல்லி முடிக்கறதுக்குள்ளயே கேட்டுச்சு. எல்லாரும் சொல்லிட்டே போறாங்க, என் முறை வந்துச்சு, உன்னைப் பார்த்ததும் எனக்கு மூளையே நின்னுபோச்சு. வாய் அதுவா சொல்லிடுச்சு." மூக்கைக் கையால் துடைத்தாள். "அந்தப் படிக்கட்டுல எப்படிம்மா தினம் ஏறுவேன்? பெத்த அம்மாவுக்கு யாரோ மாதிரி நன்றி சொன்ன இடம்."

நான் அவளை அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் அழுகை வந்தால் முதலில் சண்டைதான் வரும்.

"இதை ஒரு மாசமா வாயில வெச்சுக்கிட்டு இருந்தியா? சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"நீ சொன்னியா? நீ என்ன பதில் சொன்ன அன்னிக்கு? 'பரவாயில்லைங்க.' எங்கிட்ட! ஒரு கண்ணு காட்டியிருந்தா, ஒரு சிரிப்பு சிரிச்சிருந்தா, நான் அங்கயே ஓடி வந்திருப்பேன். நீ தரையைப் பார்த்துக்கிட்டு நின்ன. உனக்குத்தான் நான் உன் பொண்ணுன்னு காட்டிக்க இஷ்டம் இல்லையோன்னு நினைச்சேன்."

"உனக்குக் கௌரவக் குறைச்சல் ஆயிடுமோன்னு நின்னேன்டி, கிறுக்கி."

"யாரு கேட்டா உன்கிட்ட அதை?"

யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் முடிவு கட்டிக்கொண்டேன். மேஜையில் அவள் போன் அலறியது. ஹாலம் ஸார். மணி ஐந்து இருபது.

"எடுக்காத," என்றேன். பதில் தெரிந்தே கேட்டேன்: "அந்தக் கல்லு குடுத்த டாக்டர் எங்க இருக்காங்க, நியூமார்ச்சிலயா?"

"இல்ல. ஓஸித்ல."

"பின்ன என்ன எழவுக்கு ஊர்க் கோடியில போய் விழற? மாத்து."

"அம்மா, யோசிச்சுப் பாரு. கூடப் படிக்கிறவங்க குப்பையை நீ எடுப்ப. நான் பக்கத்துல நிப்பேன்."

"யார் யார் குப்பையோ எடுக்கறேன். உன் சிநேகிதங்க குப்பை மட்டும் கனக்கவா போகுது? உனக்குக் கூச்சமா இருந்தா சொல்லு, நேர்காணல் அன்னிக்குப் பாமோட படிக்கட்டை மாத்திக்கிறேன். உன் கண்ணுலயே பட மாட்டேன்."

"மாத்திப் பாரு, அப்புறம் இருக்கு உனக்கு," என்றாள். நியூமார்ச்சை அழித்தாள். ஓஸித் என்று போட்டாள். திரையை ஒரு நிமிஷம் முறைத்துக்கொண்டிருந்தாள், நான் அவள் விரலையே பார்த்தேன். அனுப்பினாள். ஐந்து இருபத்தேழு.

இரண்டு பேரும் உருளைக்கிழங்கைத் தின்றோம். ஆறு பேர் சாப்பாடு முழுதும் காலி.

நேர்காணல் டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது. டாக்டர் பிரையரின் அறை ஜி படிக்கட்டின் அடியில். அதற்கு வெளியே ஒரு பெஞ்சு, அதில் ஆறு பிள்ளைகள் காத்திருக்கும். நான் படிக்கட்டை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அவள் நேரம் பத்தரை என்று தெரிந்ததால் பத்துக்கே மேல்மாடிக்குப் போய், பதினொன்றுவரை இறங்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். முடியவில்லை. பத்து இருபத்தைந்துக்குக் கால் தானாக இறங்கிவிட்டது, கையில் வாளியோடு.

பெஞ்சின் ஓரத்தில் மஞ்சள் கோட்டு. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பக்கத்தில் சூட் போட்ட ஒரு பையன், முழங்கால் தடதடவென்று ஆட உட்கார்ந்திருந்தான். வழிவிடக் காலை இழுத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே கடந்துபோனேன். எவ்வளவு பேசினேன், ஆனாலும் என் புத்தி எங்கே போகும்?

"அம்மா!"

அந்தக் கல் கூரையின் கீழ் அது கோயில் மணி மாதிரி எதிரொலித்தது. மற்ற ஐந்து தலையும் திரும்பின.

"அம்மா, இங்க வா. பல்லுல ஏதாவது ஒட்டியிருக்கா பாரு. காலைல விதை போட்ட ரொட்டி தின்னேன்."

வாளியைக் கீழே வைத்தேன். கையுறையைக் கழற்றினேன். அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். இடது பக்கம் ஒரு விதை இருந்தது. நகத்தால் எடுத்தேன்.

"இப்ப சுத்தம்," என்றேன்.

கதவு திறந்தது. "கீலி டக்?" என்று முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டது உள்ளேயிருந்து ஒரு குரல். அவள் கோட்டைக் கழற்றி என் மேல் எறிந்துவிட்டு உள்ளே போனாள்.

சூட் பையன் என்னைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், மெதுவாக வாயைத் திறந்தான். "எனக்கும் கொஞ்சம் பாக்கறீங்களா?"

பார்த்தேன். ஒன்றும் இல்லை என்றேன். அவன் இரண்டு தடவை நன்றி சொன்னான். என் மகள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.