சண்முகவடிவு இன்டர்நேஷனலில் இலையுதிர்காலம்

அக்டோபர் பிறந்ததும் சண்முகவடிவு இன்டர்நேஷனல் பள்ளியின் பெற்றோர் எல்லாருடைய செல்போனுக்கும் ஒரு செய்தி வந்தது. 'இந்தப் பருவத்தில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் இலையுதிர்காலத்தைக் கற்கிறார்கள்.' கீழே செக்கச்செவேலென்று ஒரு மரத்தின் படம். மரத்தடியில் ஸ்வெட்டர் போட்ட வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு சிரித்தது. தூத்துக்குடியில் பூசணிக்காயைத் திருஷ்டி கழித்து நடுரோட்டில் உடைப்பார்கள். கட்டிப்பிடிக்கிற வழக்கம் இல்லை.

போன வருஷம் வரை அது வெறும் நர்சரி பள்ளிதான். 'இன்டர்நேஷனல்' என்பது ஜூன் மாதம் பெயின்டர் வந்து எழுதிவிட்டுப் போனது. தாளாளர் தங்கதுரை பலசரக்கு மொத்த வியாபாரி. கடையில் அவர் அண்ணாச்சி, பள்ளிக்கூட கேட்டைத் தாண்டினால் சேர்மன் சார். மாற்றிக் கூப்பிட்டால் இரண்டு இடத்திலும் கோபம் வரும். போன அக்டோபரில் மகளின் பிரசவத்துக்காகக் கனடா போயிருந்தவர், பேரனைப் பார்த்தாரோ இல்லையோ, அங்கே மரங்கள் சிவந்து இலை கொட்டுவதை வாய் பிளந்து பார்த்துவிட்டு வந்தார். வந்த கையோடு பெங்களூர் கம்பெனி ஒன்றிடம் பாடத்திட்டமும் வாங்கிவிட்டார். அதில் இலையுதிர்காலம் இருந்தது, பனிக்காலம் இருந்தது, வசந்தகாலம் இருந்தது. மழைக்காலம் என்று ஒன்று இருப்பதாக அந்தக் கம்பெனிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

இதையெல்லாம் நடத்தும் பொறுப்பு ஜெப்ஸி டீச்சர் தலையில் விழுந்தது. நாசரேத்துக்காரி. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்தே டெம்பரரி. டெம்பரரிக்கு மே மாதம் சம்பளம் கிடையாது. ஜூனில் மறுபடி கூப்பிடுவார்களா என்று செல்போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். "பெற்றோர் தினத்துல இலையுதிர்காலம் நல்லபடியா நடந்துட்டுன்னு வைங்க, பர்மனன்ட் ஆர்டர் ஒங்க கையில டீச்சர்" என்று தங்கதுரை சொல்லியிருந்தார். எனவே ஜெப்ஸி கம்பெனி அனுப்பிய படத்தைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

"மிஸ், இலை ஏன் செவப்பாவுது?"

"குளிரு வந்தா அப்படி ஆவும்."

"ஏசியில வச்சா ஆவுமா மிஸ்?"

கேட்டவள் ஜெமி. அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். வீடு பள்ளமான தெருவில். "எங்க வீட்ல இந்த மாசம் வந்தா கட்டிலுக்குச் செங்கல் வச்சு ஒசத்துவோம் மிஸ்" என்றாள் அவள், யாரும் கேட்காமலே. அவ்வளவுதான், வகுப்பு மொத்தமும் வாயைத் திறந்துகொண்டது. ஒருத்தன் வீட்டில் பிரிட்ஜ் மிதந்த கதை. ஒருத்தி மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி பிஸ்கட் தின்ற கதை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். செவத்த இலைப் படத்தைக் கையில் பிடித்தபடி நின்ற ஜெப்ஸிக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் தங்கதுரையிடம் போய்ச் சொன்னாள். "சார், நமக்கு ஐப்பசி கார்த்திகையில மழைல்லா. மழையப் பத்தி நடத்துனா பிள்ளேளுக்கு உபயோகமா இருக்கும்."

"மழைய எவன் காசு குடுத்துப் படிப்பான் டீச்சர்? அதுதான் சும்மாவே பெய்யுதுல்லா" என்றார் அவர். வியாபாரி அல்லவா, சரக்கின் மதிப்புத் தெரிந்தவர்.

ஆனாலும் ஜெப்ஸிக்கு மனசு கேட்கவில்லை. தினமும் காலையில் வருகைப் பதிவு முடிந்ததும் கொஞ்ச நேரம் மழையை நடத்தினாள். அவள் "தண்ணி வந்துட்டு" என்று சொன்னால் பிள்ளைகள் பையைத் தூக்கி பெஞ்சு மேல் வைக்க வேண்டும். சுவிட்சையும் ஒயரையும் தொடக்கூடாது. முன்னால் நிற்பவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஓடாமல், மாடிப்படி ஏற வேண்டும். பக்கத்துப் பெஞ்சில் யார் இல்லை என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டாக இருந்தது. அதற்குப் பிறகு எல்லாரும் உட்கார்ந்து, பிறவியில் பார்த்திராத மரத்துக்கு வண்ணம் அடித்தார்கள்.

பெற்றோர் தினம் நெருங்கியது. பள்ளி முற்றத்தில் நின்ற வேப்பமரத்துக்கு விஷயம் புரியவில்லை. இரண்டு மழை பெய்ததும் அது கொழுகொழுவென்று பச்சை கட்டி நின்றது. தங்கதுரை அதைச் சுற்றி வந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்க்காத ஆளை முறைப்பதுபோல் முறைத்தார். பிறகு சிவப்பிலும் மஞ்சளிலும் கலர் பேப்பர் வாங்கி, இலை இலையாக வெட்டி, கிளை கிளையாகக் கட்டச் சொன்னார். கட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏணியில் நின்று ஜெப்ஸிக்கு இடுப்பே விட்டுப்போனது.

முந்தின நாள் ஜெமி சேதி கொண்டுவந்தாள். "மிஸ், ஹார்பர்ல மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சாம். எங்கப்பா சொன்னாங்க." புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் துறைமுகமே உஷாராகிவிடும். தங்கதுரை ஆகவில்லை.

"கலெக்டர் லீவு விட்டாரா? இல்லைல்லா. பின்ன என்ன, நடத்துவோம்."

சனிக்கிழமை. பிள்ளைகளுக்கு வெள்ளை யூனிபாரம். அதன் மேல் குளிர் உடை கட்டாயம் என்று உத்தரவு. தூத்துக்குடியில் ஸ்வெட்டருக்கு எங்கே போவது? கொடைக்கானல் டூரில் வாங்கிய குரங்குக் குல்லாவோடு நாலு பேர் வந்தார்கள். ஒருத்தன் மாமா துபாயிலிருந்து அனுப்பிய கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து வேர்த்து விறுவிறுத்து நின்றான். பந்தலின் கீழ் பெற்றோர்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மரத்தடியில் நின்று, "குளிர் காற்று வீசுதே, இலைகள் சிவந்து உதிருதே" என்று தொடங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்து வானம் கொட்டித் தீர்த்தது.

காகித இலைகள் உதிரவில்லை, கரைந்தன. சிவப்புச் சாயம் குல்லாவிலும் வெள்ளைச் சட்டையிலும் ஓட, பிள்ளைகளைப் பார்க்கவே பயமாக இருந்தது. தாய்மார்கள் அலறினார்கள். பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. தெருத் தண்ணீர் கேட்டுக்கடியில் புகுந்து முற்றத்தில் ஏறியது. மேடையில் மைக்கைப் பிடித்தபடி தங்கதுரை, "யாரும் பதற வேண்டாம்" என்று பதறினார்.

ஜெப்ஸி கத்தினாள். "தண்ணி வந்துட்டு!"

மூன்றாம் வகுப்பு பட்டென்று கை கோத்தது. மைக் செட்காரரைப் பார்த்து ஜெமி, "கரண்ட ஆஃப் பண்ணுங்க அண்ணாச்சி" என்றாள். அவர் அணைத்தார். பிள்ளைகள் வரிசையாக, ஓடாமல், படியேறினார்கள். போகிற வழியில் இரண்டாம் வகுப்புக் குட்டிகளையும் கையைப் பிடித்துச் சேர்த்துக்கொண்டார்கள். மேலே போய் யார் இல்லை என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் இருந்தார்கள். பிறகுதான் பெரியவர்களும் அவர்கள் பின்னால் ஏறிவந்தார்கள். ஜெமியின் அம்மா தேவமணி, ஜெப்ஸியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நல்லாருப்பிய மிஸ்" என்று மட்டும் சொன்னாள்.

தண்ணீர் வடிந்து பள்ளி திறந்த அன்று எல்லாருடைய செல்போனுக்கும் புதுச் செய்தி வந்தது. சாயம் வழிந்த பிள்ளைகள் கை கோத்துப் படியேறும் படம். 'மழைக்காலப் பாதுகாப்பு. எங்கள் பள்ளியின் சர்வதேசப் பாடம். தனிக் கட்டணம் உண்டு.'

ஜெப்ஸி ஆர்டரைப் பற்றிக் கேட்கப் போனாள்.

"ஆர்டர் எங்கன ஓடிப்போவுது டீச்சர்? இந்த மழைப் பாடத்துக்கு பெங்களூர்க்காரன் டிரெய்னிங் தாரான். அத முடிச்சு சர்டிபிகேட் வாங்குங்க, பாப்போம். படிக்காம எப்பிடி நடத்துவிய?"

ஜெப்ஸிக்கு அழுகை வரவில்லை. டிரெய்னிங் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

டிரெய்னிங் கம்ப்யூட்டர் அறையில் நடந்தது. பள்ளியின் பெருமையைப் பார்க்கட்டும் என்று சில பெற்றோரையும் தங்கதுரை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார். தேவமணியும் வந்திருந்தாள். திரையில் தோன்றிய பெங்களூர்க்காரர் ஜெப்ஸியின் பிள்ளைகள் படியேறும் அந்தப் படத்தையே முதலில் காட்டி, அதைத் தங்கள் கம்பெனியின் செயல்முறை என்றார். பிறகு கேட்டார்: "வகுப்பறையில் தண்ணீர் ஏறினால் முதலில் என்ன செய்ய வேண்டும்? தூத்துக்குடி டீச்சர்ஸ், யாராவது சொல்லுங்கள்."

டீச்சர்கள் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். தங்கதுரை ஜெப்ஸி பக்கம் குனிந்தார். "சட்டுன்னு சொல்லுங்க டீச்சர். மானத்த வாங்கிராதிய."

ஜெப்ஸி எழுந்து நின்றாள். முன்வரிசைக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"நான் டெம்பரரி சார். பர்மனன்ட் டீச்சர் யாராவது சொல்லட்டும்."

தேவமணி திரும்பி ஜெப்ஸியைப் பார்த்தாள். பிறகு தங்கதுரையைப் பார்த்தாள். மற்ற பெற்றோரும் பார்த்தார்கள்.

"ஹலோ தூத்துக்குடி, கேக்குதா?" என்றது திரை.

கேட்டது. டீச்சர்கள் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.