அணையாத தீக்குச்சி

"பொய் சொல்லாத பாய். ஒரு பாட்டிலா, ரெண்டா?"

"ஒண்ணுதான்லா. ரெண்டாவது கேட்டாங்க. பிரியாணி போட்டா தர்றேன்னேன்."

வேலாயுதம் சிரித்தான். சிரித்து முடித்த பிறகும் மூச்சு மீதமிருந்தது. மூன்று வருஷமாகச் சிரிப்பு வந்தால் முதலில் உட்கார இடம் தேடியவன் அவன்.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு அரிசிக் கிட்டங்கியில் அவனும் சேக் தாவூதும் இருபது வருஷம் சேர்ந்து மூட்டை சுமந்தவர்கள். ஒரே தீப்பெட்டி, ரெண்டு வாய் என்று கிட்டங்கியில் கேலி. அந்தச் சிகரெட் புகைதான் வேலாயுதத்தின் நெஞ்சைத் தின்றது. வலது நுரையீரலில் ஒரு காற்றுப்பை பலூன்போல் ஊதி, நல்ல பாகத்தை நசுக்கிக்கொண்டு கிடப்பதை டாக்டர் எக்ஸ்ரே படத்தில் காட்டினார்.

"எல்லாருக்கும் கத்தி உதவாது. நுரையீரல் முழுக்கக் கெட்டிருந்தா நான் தொடவே மாட்டேன். உங்களுக்கு ஒரே பை. அதை எடுத்துட்டா நசுங்கினது விரியும்."

விரிந்தது. வேண்டிய ரத்தம் தாவூது கொடுத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம் தனக்கு இரண்டாவது பிறப்பு என்று வேலாயுதம் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பாய்க்கு ஆகவேண்டுமே என்று தேக்கா மார்க்கெட்டில் முஸ்லிம் கடைக் கறியாகப் பார்த்து வாங்கி வந்த அவன் மனைவி பூவம்மா, பின்கட்டில் பிரியாணிக்குத் தம் போட்டுக்கொண்டிருந்தாள். வாசனை மாடிவரை ஏறியது.

சற்று முன் தாவூது ஏறிவரத்தான் நேரமாகியிருந்தது. பாதிப் படியில் நின்றுவிட்டான். "செருப்பு வாரு கழண்டுபோச்சு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

வேலாயுதத்துக்கு அந்தச் செருப்பு வாரைத் தெரியும். மூன்று வருஷம் அதே படியில் நின்று அவனும் அதைத்தான் மாட்டிக்கொண்டிருந்தான்.

இப்போதும் தாவூது விசிலடிப்பவன்போல் உதட்டைக் குவித்துத்தான் மூச்சு விட்டான். சிகரெட்டை வாயில் வைத்துச் சட்டைப் பையைத் தடவினான்.

"தீப்பெட்டி இருக்கா வேலு?"

இருந்தது, சாமி மாடத்தில். வேலாயுதம் எடுத்துவந்து ஒரு குச்சியை உரசினான். சிகரெட்டுக்குக் கொண்டுபோகாமல், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் பிடித்தான். டாக்டர் முதல் நாள் நுரையீரலைச் சோதிக்க அவன் முகத்துக்கு நேரே பிடித்ததும் இப்படித்தான். அன்று எவ்வளவு ஊதியும் சுடர் அசையவேயில்லை.

"என்னலா, பத்த வையி."

"அதை வாயிலேருந்து எடு பாய். எனக்கு உயிர் குடுத்தவன் நீ. இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன்." சுடர் அவன் விரலை நெருங்கிக்கொண்டிருந்தது. "வாயை அகலத் திற. உதட்டைக் குவிக்காம இதை ஊதி அணைச்சுக் காட்டு."