வலது வரிசையின் பின்மூக்கு

பதினோரு ஆண்டுகளாக நான் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டராக வேலை பார்க்கிறேன். என்ஜினிலிருந்து வரும் கெட்ட புகையை வாங்கி நல்ல புகையாக்கிப் பின்பக்கம் அனுப்ப வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலை. பென்ஷன் கிடையாது.

கார் கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டருடையது. மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் போகும் என்று காகிதத்தில் இருக்கிறது. அவர் அதில் தயிர் வாங்கப் போவார். கடை மூன்றாவது தெருவில். நான் சூடாகி வேலையைத் தொடங்குவதற்குள் தயிர் வந்துவிடும்.

எங்கள் ஆபீஸ் ஒரு குழாய். எனக்கு முன்னால் சென்னியப்பன். எனக்குப் பின்னால் திலகமணி அம்மாள். இருவரும் ஆக்சிஜன் சென்சார்கள். ஆபீசில் மூக்குகள் என்போம். புகை என்னிடம் வருவதற்கு முன் முகர்ந்து எழுதுவது முன்மூக்கின் வேலை. என்னைத் தாண்டியபின் முகர்ந்து எழுதுவது பின்மூக்கின் வேலை. இரண்டு அறிக்கையும் வேறு வேறாக இருந்தால் நான் வேலை செய்கிறேன் என்று அர்த்தம். ஒன்றுபோல இருந்தால் நான் செத்துவிட்டேன் என்று அர்த்தம். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை.

மூன்று மாதமாக இரண்டும் ஒன்றுபோல இருந்தன.

காரணம் எனக்குத் தெரியும். யாரோ குழாயில் தடவிய சிலிக்கான் பசை திலகமணியின் மூக்கில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு எந்த வாசமும் தெரியவில்லை. தினமும் காலையில் என் வழியாக நடந்து போவார். சென்னியப்பன் எழுதியதைப் பார்த்து எழுதிக்கொண்டு, என் வழியாகவே திரும்பி வருவார். ஒரு முற்றுப்புள்ளியைக்கூட விடமாட்டார். ஒருநாள் சென்னியப்பனின் தாளில் டீக்கறை இருந்தது. அதையும் வரைந்து வைத்தார்.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க," என்றார். "தெரிஞ்சா கழட்டி வீசிப்போடுவாங்க."

"சொல்ல மாட்டனுங்க," என்றேன்.

சொன்னால் அவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் நான் போய்விடுவேன். நான் கோழை. இருந்தும் சொல்லவில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும்.

சர்வீஸ் ஆண்டுகள் கூடினால் கன்வெர்ட்டர்கள் மேல் அழுகிய முட்டை வாசம் வரும். என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோருமே ஏதோ அவசர வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போயிருக்கிறார்கள். திலகமணி மட்டும் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வாசம் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்திருந்தார் அல்லவா?

டாக்டர் ஆக்சிலேட்டரை மிதித்தால் எங்கள் குழாய் நீளும். சும்மா நிற்கும்போது என் நாற்காலியிலிருந்து திலகமணியின் மேசை நாலு அடி. அவிநாசி ரோட்டில் ஒருமுறை முக்கால் மைல் ஆகிவிட்டது. நான் எடுத்துப்போன டீ வழியிலேயே ஆறிப்போனது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா சூடா இருக்குதுங்க," என்றார். அதுவரை எனக்காக யாரும் பொய் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. டாக்டர் அதை வாயைத் திறக்கச் சொன்னார். அது திறக்கவில்லை. ஒர்க்ஷாப்புக்கு வந்தோம்.

மெக்கானிக் பெயர் ராயப்பன். ஆறடி உயரம். குழாய் இரண்டரை இஞ்ச். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"கன்வெர்ட்டர் யாருங்க?"

"நானுங்க. வெள்ளிங்கிரி."

"இருக்கீங்களா?"

"இருக்கறனுங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சத்தம் நல்லா வரும்னு கன்வெர்ட்டரைக் கழட்டிப்போட்டு வெறும் குழாயை மாட்டிக்கறாங்க. போன வாரம் ஒரு வெறும் குழாய் என்கிட்ட இருக்கறேன்னு சத்தியம் பண்ணுச்சு."

நான் இருக்கிறேன் என்பதற்கு ஒரு படிவம் எடுத்தார். முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சென்னியப்பனைக் கேட்டார்.

"இருக்காருங்க," என்றார் சென்னியப்பன். "இல்லீங்க. இருக்காருங்க. இல்லீங்க."

ராயப்பன் மகிழ்ந்துபோனார். "முன்மூக்கு அருமையா வேலை செய்யுது. நிமிஷத்துக்கு நிமிஷம் மாத்திப் பேசுது. இப்படித்தான் இருக்கோணும். பின்மூக்குதான் ஒரே பேச்சா நிக்கோணும்."

திலகமணியைக் கேட்டார்.

"இருக்காருங்க," என்றார் திலகமணி. "இல்லீங்க. இருக்காருங்க. இல்லீங்க."

பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டார். சென்னியப்பன் என்று போட்டார்.

ராயப்பன் இரண்டு கையெழுத்துகளையும் வெகுநேரம் பார்த்தார்.

ரப்பர் சுத்தியல் எடுத்து என் விலாவில் தட்டினார். கலகலவென்றது.

"உள்ள தேன்கூடு மாதிரி ஒண்ணு இருக்கும். அது உடைஞ்சுபோச்சுங்களா?"

"டிபன் பாக்ஸ் ஸ்பூனுங்க."

'ஸ்பூன்' என்று குறித்துக்கொண்டார். எனக்கு முன்னாலும் பின்னாலும் சூட்டை அளந்தார். பின்னால் நாற்பது டிகிரி அதிகம். "வேலை செய்யறாப்லதான் தெரியுது," என்று முனகினார். "விளக்கு எரிஞ்சா எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு கன்வெர்ட்டரைக் கழட்டுவாங்க. நான் அப்படிப் பண்ண மாட்டனுங்க. மூக்கை மாத்திப் போட்டுப் பார்க்கலாம்."

காரில் எங்கள் குழாய் வலது வரிசை. இடது வரிசையில் இதே போல ஒரு குழாய், இதே போல ஓர் ஆபீஸ். அங்கே இருக்கும் பின்மூக்கு அங்கப்பன் இங்கே வருவார். திலகமணி அங்கே போவார். கோளாறும் கூடவே அங்கே போனால் குற்றம் திலகமணியுடையது. இங்கேயே இருந்தால் என்னுடையது.

திலகமணி பேனா, டம்ளர், சால்வை மூன்றையும் பையில் வைத்துக்கொண்டார். இடது வரிசை ஓரடி தூரத்தில் இருக்கிறது. காந்திபுரம் போய் பஸ் மாற வேண்டும்.

"வரட்டுங்களா?" என்றார்.

"பார்த்துப் போங்க," என்றேன்.

அங்கப்பன் வந்தார். உட்கார்ந்தார். முகர்ந்தார். 'சுத்தம்' என்று எழுதினார். அடுத்த வரியிலும் 'சுத்தம்' என்று எழுதினார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என்னிடமிருந்து இரண்டடி தள்ளிப் போனார்.

இடது வரிசையில் கோளாறு என்று கருவி சொன்னது. ராயப்பன் தலையாட்டினார். "மூக்குதானுங்க. டிபன் சாப்ட்டுட்டு வந்து அந்தம்மாவைக் கழட்டிப்போடலாம்."

நான் பிழைத்துவிட்டேன். சந்தோஷப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை.

ராயப்பன் இட்லி சாப்பிடப் போனார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கெட்ட புகை வழக்கம்போல வந்து என் முன் வரிசையில் நின்றது. நான் கையைக் கட்டிக்கொண்டேன். பதினோரு ஆண்டில் முதல்முறை.

"நாங்க என்ன பண்ணோணும்?" என்று கேட்டது புகை.

"அப்படியே போங்க," என்றேன்.

"சுத்தம் பண்ண மாட்டீங்களா?"

"மாட்டனுங்க."

அது நன்றி சொல்லிவிட்டுப் போனது. அங்கப்பன் இருமினார். 'சுத்தம்' என்பதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

ராயப்பன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து கருவியைப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் போச்சு," என்றார். "அந்த ஸ்பூன் அப்பவே எனக்குச் சந்தேகமா இருந்துச்சு."

என்னைக் கழற்ற நாலு பேர் தேவைப்பட்டார்கள். துருப்பிடித்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ராயப்பன் என்னை டாக்டரிடம் காட்டி, "உள்ள பிளாட்டினம் இருக்குதுங்க," என்றார்.

"இவருக்குள்ளயா?" என்றார் டாக்டர்.

சென்னியப்பன் வழியனுப்ப வந்தார். "வருத்தமா இருக்குதுங்க," என்றார். "இல்லீங்க. வருத்தமா இருக்குதுங்க."

ஒர்க்ஷாப் மூலையில் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி. என்னை அதில் வைத்தார்கள். திலகமணி ஏற்கெனவே உள்ளே இருந்தார். புது ஆட்களுடன் கார் உறுமிக்கொண்டு தயிர் வாங்கப் போனது.

"நீங்க எப்படீங்க இங்க?" என்றார் திலகமணி. "நீங்க நல்லாத்தானே வேலை பார்த்தீங்க?"

"ஸ்பூன் சத்தம் ஜாஸ்தியாயிருச்சுங்க," என்றேன்.

அவர் அதை நம்பவில்லை.

பழக்கத்தில் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார். பார்த்து எழுத முன்னால் யாரும் இல்லை. அட்டைப்பெட்டியின் நாலு பக்கமும் பார்த்தார். கடைசியில் குனிந்து என் தோள் அருகே மூக்கை வைத்தார். ஒருமுறை இழுத்தார். முகம் மாறியது. முறுக்கிக் கழற்றியதில் மூக்கிலிருந்த பசை உதிர்ந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க," என்றார். "அழுகின முட்டை வாசம் அடிக்குது."

"ஆமாங்க," என்றேன். அவர் எழுந்து போவதற்காகக் காத்திருந்தேன்.

அவர் அதை எழுதினார். நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். கீழே திலகமணி என்று கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, எழுந்து போகாமல், அங்கேயே உட்கார்ந்திருந்தார்.