தையல் பிரித்த பட்டை

வியாழக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு அவள் கணவன் கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

"எப்படி இருக்கு?"

"எது?"

"மூணு நாளா மகாராணி வாயத் திறப்பாங்கன்னு பாக்கறேன். பட்டைதான்."

கார்த் தொழிற்சாலையில், வெளிச்சத்தம் புகாதபடி சுவர்களில் கம்பளி அடித்த சிறிய அறை. மோட்டார் வெளியே இருந்தது. சுவரின் துளை வழியாக உள்ளே வரும் தோல் பட்டை, மேசைமேல் பூட்டிய டைனமோவைச் சுற்றியது. கார் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் டைனமோ. பக்கத்து அறையில் மீட்டர் பார்ப்பவனுக்கு 'முள்ளு' என்று பெயர். அவன் மின்சாரம் சரி என்று விட்டதை இவள் கேட்பாள். மரக்குச்சியின் ஒரு முனை டைனமோவில், மறுமுனை காதில். உரசல், தட்டல் இல்லையென்றால் சாக்கட்டியால் ஒரு வட்டம். ஆறு வருடங்களில் இவள் பெயரும் 'காது' என்று ஆகிவிட்டது.

பட்டைகள் அவள் கணவனின் பொறுப்பு.

"திங்கக்கிழமை கம்பித் தையலப் பிரிச்சு, பசை போட்டு ஒட்டிட்டேன். டக்கு டக்குன்னு உன் உசிர வாங்குதேன்னு."

டக், என்றது மேசைமேல் இருந்த டைனமோ. டக்.

இருவரும் அதைப் பார்த்தார்கள். பட்டை வழவழவென்று ஓடிக்கொண்டிருந்தது.

தையல் சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் எழுந்த அந்த 'டக்' முதல் மாதம் தொல்லையாக இருந்தது. பிறகு அதைக் கேட்காமலிருக்கப் பழகிவிட்டாள். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அப்படிப் பழகியதால்தான் இந்த வேலையைச் செய்ய முடிந்தது. முன்பு டைனமோவும் தட்டினால் இரண்டு 'டக்' கேட்கும்; இந்த நாட்களில் கேட்ட ஒற்றை 'டக்'கைப் பட்டையினுடையது என்று விட்டிருந்தாள்.

மோட்டாரை நிறுத்தி, டைனமோவின் தண்டைப் பிடித்து இழுத்தாள். ஒரு நகத்தின் கனத்துக்கு முன்னே வந்தது. தள்ளினாள். போயிற்று. உள்ளே தண்டை ஆடாமல் பிடிக்க வேண்டிய வாஷர் மெலிது.

"திங்கக்கிழமையிலேர்ந்து எத்தனை?" என்றான் அவன்.

"அறுபத்திரண்டு."

"எல்லாமே இப்படியா?"

"தெரியல. நான் கேக்கலையே."

பேச்சுக் குரல் கேட்டு முள்ளு வந்தான். "கரண்டு கரெக்டா வருதுக்கா. வண்டி போடற கூச்சல்ல இந்த டக்கு எவன் காதுல விழப்போகுது? வட்டத்தப் போட்டுட்டுப் பேசாம இரு."

"தண்டு ஆடி ஆடி, உள்ள அதுல உரசற கார்பன் கட்டை தேயும். ஆறு மாசத்துல நடுரோட்டுல விளக்கு அணையும்."

"நம்ம மூணு பேர்கிட்டயும் கார் இல்லையே" என்றான் முள்ளு.

"பட்டைய மாத்தினத நான் புத்தகத்துல எழுதல" என்றான் கணவன்.

"எழுதியிருந்தா மட்டும் நான் படிச்சுக் கிழிச்சிருப்பேனா? தள்ளுங்க."

குச்சியை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். பூட்டும் கொட்டகையில், அந்த டைனமோக்களை ஏற்கெனவே பூட்டிய கார்கள் இரண்டு வரிசையாக நின்றன. மறுநாள் காலை அவை கிளம்ப வேண்டும். கொட்டகை மேஸ்திரியிடம் நடந்ததைச் சொன்னாள். பட்டையை யார் மாற்றினார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பூட்டியபின் தண்டு கைக்கு எட்டாது. அறுபத்திரண்டையும் கழற்றினால் ஒரு வாரம் போய்விடும்.

"கழட்ட வேண்டாம். இஞ்சினை ஓட்டுங்க. குச்சி வெச்சுக் கேட்டு, எதெதுன்னு நான் சொல்றேன்."

மேஸ்திரி கையைத் துணியில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"நீ சொல்லுவேம்மா. இந்த நாலு நாளும் கேட்ட அதே காதாலதானே?"