இடுக்கை அடைத்த தம்பி

காலை ஒன்பது மணிக்குப் பல் செய்யும் லேபின் கம்ப்யூட்டர், கறுப்புத் திரையில் ஒரே வரியைக் காட்டிவிட்டு நின்றது: தொடங்குவதற்கு டிஸ்க் இல்லையாம். அக்கா அதைப் படித்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். நாற்பது வயதுத் தம்பி, பல் அச்சைத் தேய்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான்.

"டேய், என்ன பண்ணுன?"

"இடம் பத்தலன்னு நீதானே புலம்புன? டிஸ்கைத் திறந்து பார்த்தேன். பெரிய கட்டத்துக்கு முன்னால நூறு எம்பி, இடுக்கு மாதிரி சும்மா கிடந்துச்சு. அழிச்சுட்டுப் பெரிசோட சேர்த்துட்டேன்."

செய்யக்கூடியவன்தான். பதினெட்டு வருடமாகப் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே இடுக்கு அடைப்பதே அவன் பிழைப்பு. மயிரிழைச் சந்து கண்ணில் பட்டாலும் அடைக்காமல் சாப்பிடப் போகமாட்டான். டிஸ்கை மட்டும் விட்டுவைப்பானா? ஆனால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் வழி அந்த நூறு எம்பியில்தான் எழுதியிருந்தது.

உள்ளே மாட்டிக்கொண்டது ஒரு கேஷியர் பெண்ணின் பல். மூன்று வாரத்துக்கு முன் படியில் விழுந்து முன்பல் இரண்டையும் உடைத்துக்கொண்டவள். வெளியூரில் இருக்கும் அம்மாவுக்கு இருதயம் பலவீனம் என்பதால் சொல்லவில்லை. போனில் கேமரா ரிப்பேர் என்று சமாளித்து வந்தாள். இன்று ஐந்து மணிக்கு முகத்தைக் காட்டாவிட்டால் பஸ் ஏறி வந்துவிடுவேன் என்று அம்மா கெடு வைத்துவிட்டாள்.

போன வருடம் அவளுக்குப் பல்லுறை செய்ய எடுத்த ஸ்கேன் அந்த டிஸ்கில் இருந்தது. உடையாத பல், ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறிய அதே பல். அது போனால் அழகான பல் செய்யலாம், அவள் பல்லைச் செய்ய முடியாது. ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று அக்கா மூன்று மாதமாக நினைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எல்லாம் போச்சாக்கா?"

"ஒப்பாரி வைக்காத. கம்ப்யூட்டர் தொடங்குற செட்டிங்ஸ்ல டிஸ்க் தெரியுது. உயிர் இருக்கு."

விண்டோஸ் ஏற்றிவைத்திருந்த பென்டிரைவைச் செருகி அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினாள். சி டிரைவைத் திறந்தாள். காலி. அடுத்த நொடியே தலையில் தட்டிக்கொண்டாள். பென்டிரைவில் தொடங்கினால் டிரைவ் எழுத்துகள் இடம் மாறும். டி-யைத் திறந்தாள். அத்தனை பேருடைய பல்லும் பத்திரமாக இருந்தது.

முதலில் கேஷியரின் ஸ்கேனை இன்னொரு பென்டிரைவுக்கு ஏற்றினாள். பல்லைக் கடையும் மெஷின் இந்தக் கம்ப்யூட்டர் பேச்சைத்தான் கேட்கும் என்பதால் இதை எழுப்பாமல் வேலை நடக்காது. பெரிய பாகத்தின் ஓரத்தில் கொஞ்சம் குறைத்து, அங்கே சின்னப் பாகம் ஒன்றை உண்டாக்கி, தொடங்கும் ஃபைல்களை அதில் எழுதவைத்தாள்.

"மறுபடி இடுக்கு விடுறியேக்கா," என்றான் தம்பி, பொறுக்க முடியாமல்.

"இதுல கை வச்ச, உன் பல்ல எடுத்துருவேன்."

கம்ப்யூட்டர் ஒன்றும் நடக்காததுபோல எழுந்தது. பத்தரைக்கு மெஷின் கடையத் தொடங்கியது. தம்பி பல் இரண்டையும் மெருகேற்றிக் கொடுத்தான். அவன் கைவேலையில் குறை சொல்ல ஆள் பிறக்க வேண்டும். நாலரைக்கு முன்னறை கிளினிக்கில் பல் டாக்டர் அவற்றை அந்தப் பெண்ணுக்குப் பொருத்தி முடித்தார்.

ஐந்து மணிக்கு லேப் வாசலில் நின்றே அந்தப் பெண் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா திரைக்குள் புகுந்துவிடுவதுபோல உற்றுப் பார்த்தாள். அக்கா கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இப்படி இளைச்சுட்ட? ஒழுங்கா சாப்பிடுறியா இல்லையா?"

அந்தப் பெண் பக்கென்று சிரித்துவிட்டாள். வாய்கொள்ளாச் சிரிப்பு.

"இதுல சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கு?" என்று அம்மா அதட்டினாள். "அப்பன மாதிரியே தெத்துப்பல்லக் காட்டிக்கிட்டு!"

அக்காவின் கண் கலங்கிவிட்டது. இந்தத் தொழிலில் அவள் இப்படி ஒரு பாராட்டை வாங்கியதே இல்லை.