காட்டுப் பாதையில் ஒன்பது பீரங்கிகள்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி நகர்வில் எங்கள் குழு ஜெயித்தது. வெல்டர் குரல் பதிவில் விசில் அடித்தார். பல் டாக்டர் கை தட்டுகிற பொம்மைகளை வரிசையாக அனுப்பினார். நான் மட்டும் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாசனை வந்த பிறகும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பித்தால்தான் விளங்கும். நான் ஆரம்பித்தால் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போட்டவள் நான். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே டீசல் போட வேண்டும், எந்த டிரைவர் எங்கே இறங்கி அடுத்தவர் ஏற வேண்டும் என்பதெல்லாம் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. மருமகள் எத்தனை மணிக்குக் குளிக்க வேண்டும் என்பதற்குக்கூட நான் அட்டவணை சொல்ல ஆரம்பித்ததும், அவள்தான் இந்தப் போர் விளையாட்டை டேப்லெட்டில் இறக்கிக் கொடுத்தாள்.

"அத்தை, இதுல உங்களுக்கு ஆயிரம் வண்டி இருக்கு. எங்க மூணு பேரையும் விட்டுடுங்க" என்றாள்.

விளையாட்டு ரொம்பச் சுலபம். ஆறு, காடு, ரோடு, ஊர் எல்லாம் கட்டம் கட்டமாக வரைந்த ஒரு வரைபடம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். காலை எட்டு மணிக்கு ஒரு நகர்வு, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நகர்வு. அதற்குள் எல்லோரும் கட்டளையைப் போட்டுவிட வேண்டும். மணி அடித்ததும் இரண்டு படையும் ஒரே நேரத்தில் நகரும். எதிரி எங்கே நிற்கிறான் என்பது அவன் பக்கத்தில் போய் முட்டுகிற வரைக்கும் தெரியாது. வாரக் கடைசியில் பாலத்து ஊர் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு வெற்றி.

எல்லோரும் முதலில் டாங்கியைத்தான் பார்ப்பார்கள். நான் டீசல் லாரியைப் பார்ப்பேன். டீசல் தீர்ந்துபோன டாங்கி ஒரு இரும்பு பீரோ, அவ்வளவுதான். லாரி போய்ச் சேராத இடத்துக்கு ஒரு சிப்பாயைக்கூட அனுப்ப மாட்டேன். மூன்றில் ஒரு பங்குப் படையைப் பின்னால் சும்மா நிறுத்தி வைப்பேன், டிப்போவில் ஸ்பேர் பஸ் நிற்கிற மாதிரி. வெல்டருக்கு இது ஆகவே ஆகாது. அவருக்கு எடுத்ததும் பாய வேண்டும்.

"டிப்போம்மா, இது போரா, பஸ் ஸ்டாண்டா?" என்பார்.

"பஸ் ஸ்டாண்டுதான் தம்பி. வண்டி நேரத்துக்கு வந்துட்டா பாதிச் சண்டை நின்னுடும்" என்பேன்.

ஆனால் ஜெயித்தோம். ஒரு வருஷத்தில் திட்டம் போடுகிற பொறுப்பையே என்னிடம் கொடுத்துவிட்டார்கள். டிப்போவில் என் அட்டவணையைப் பார்த்து யாரும் கை தட்டியது கிடையாது. திட்டுவதற்குத்தான் வருவார்கள். இங்கே நான் ஒரு திட்டம் போட்டால் நாலு பேர் "சரி" என்று எழுதுவார்கள். அது எவ்வளவு சுகம் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தச் சுகத்தில்தான் இரண்டு மாதம் முன்பு ஒருத்தன் வந்து மண்ணைப் போட்டான். எதிர்க்குழுவில் ஒரு ஆள், பெயர் கிடையாது, வெறும் எண், நாற்பத்தேழு. எதிரே வந்து சண்டையே போட மாட்டான். இரண்டு நகர்வு இருக்கிற இடமே தெரியாது. என் லாரிகள் ஒரு வளைவில் திரும்பும், சரியாக அங்கே முளைப்பான். லாரி போய்விட்டால் முன்னால் நிற்கிற டாங்கியெல்லாம் பீரோதானே. நின்ற இடத்திலேயே சரணடைய வேண்டியதுதான். 'பின்வாசல்காரன்' என்று பெயர் வைத்தோம். அந்தக் குழுவிடம் தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றோம். ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம். நாலு தடவை என்றால் யாரோ உள்ளே இருந்து சொல்கிறார்கள்.

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமையில்லை. எங்கள் குழுவில் ஐந்தாவது ஆள் மருந்துக்கடைக்காரர். எங்கள் பின் தெருவில்தான் கடை. கூட்டமில்லாத நேரத்தில் அட்டைப்பெட்டியின் பின்பக்கம் வரைபடம் போட்டு யோசிக்கிற மனிதர். அவருடைய மனைவியின் தம்பி அந்த எதிர்க்குழுவில் ஆடுகிறார். அதை அவரே ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். நான்தான் அதை எடுத்து டாக்டருக்கு எழுதினேன். மச்சான் அந்தப் பக்கம் இருக்கும்போது இந்தப் பக்கம் ரகசியம் எப்படித் தங்கும் என்று எழுதினேன். டாக்டர் அவரிடம் கேட்டார்.

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. நம்புறதா இருந்தா நம்புங்க" என்று மட்டும் பதில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை அவரை எடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை வெல்டர் தலைவலி மாத்திரை வாங்கப் போனவர், கடையில் நாலு பேர் நிற்கும்போது, "என்ன உளவாளி சார், வியாபாரம் எப்படி?" என்று கேட்டிருக்கிறார். அவர் மாத்திரையைக் கவரில் போட்டு நீட்டினாராம். அதை வெல்டர் சிரித்துக்கொண்டே குழுவில் சொன்னார். நானும் சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டேன். என் பிரஷர் மாத்திரையை மட்டும் வேறு கடையில் வாங்கிக்கொண்டேன்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். இறுதி ஆட்டம், அதே எதிர்க்குழு. காலை ஏழு மணிக்கு வழக்கம்போலத் தங்கச்சிக்குப் போன் போட்டேன். அவள் வேறு ஊரில் இருக்கிறாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். முழங்கால் ஆபரேஷன் ஆகி ஐந்து மாதமாகப் படுக்கையும் ஜன்னலுமாகக் கிடக்கிறாள். அறுபத்திரண்டு வயதானாலும் எனக்குக் குட்டிதான். பாவம், பொழுது போகட்டும் என்று தினமும் ஒரு மணி நேரம் பேசுவேன். அன்றைக்குச் சாயங்கால நகர்வில் லாரிகளைக் காட்டுப் பாதையில் அனுப்பப் போவதைச் சொன்னேன். "ம், அப்புறம்?" என்றாள். அப்புறம் என் இடுப்பு வலியைச் சொல்லிவிட்டு வைத்தேன்.

பதினொரு மணிக்குக் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது விளையாட்டில் வானிலைச் செய்தி வந்தது. காட்டுப் பக்கம் மழை. மண் பாதையில் லாரி புதைந்துவிடும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஆற்றங்கரை ரோட்டில் போகிற மாதிரி திட்டத்தை எழுதி மூன்று பேருக்கும் அனுப்பினேன். காட்டுப் பாதை என்ற வார்த்தையை நான் எங்கேயும் எழுதவே இல்லை. குழுவில் யாருக்கும் அப்படி ஒரு யோசனை இருந்ததே தெரியாது.

ஆறு மணி அடித்தது. லாரிகள் ஆற்றங்கரையில் சிக்கலில்லாமல் போய்ச் சேர்ந்தன. எங்கள் வேவுப்படை காட்டுக்குள் எட்டிப் பார்த்தது. அங்கே பாதையின் இரண்டு பக்கமும், சேற்றில், ஒன்பது பீரங்கிகள் வரிசையாக நின்றன. வராத லாரிக்காக, குழலைப் பாதைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு.

வெல்டர் விசில் அடித்தது அதற்குத்தான். டாக்டர் எழுதினார்: "பாத்தீங்களா? உளவாளி போனதும் எதிரி கண்ணு தெரியாம நிக்கிறான். மருந்துக்கடைதான்னு இப்ப நிரூபணம் ஆயிடுச்சு. டிப்போம்மா சொன்னது நூத்துக்கு நூறு."

காட்டுப் பாதை என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளின் காதில்தான் சொல்லியிருந்தேன்.

பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

"குட்டி, காலைல நான் சொன்னதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"நான் எதுக்குக்கா யார்கிட்டயும் சொல்லணும்?"

"அப்போ காட்டுப் பாதையில பீரங்கி எப்படி வந்துச்சு?"

"நான்தான் காலைலயே வெச்சேன்" என்றாள். "நீ ஆத்தங்கரைப் பக்கம் போயிட்டியே. ஏன், மழையா?"

எனக்கு நினைவு தெரிந்து போனில் நான் பேசாமல் இருந்தது அப்போதுதான்.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"நாப்பத்தேழு நீயா?"

"ஆமா."

"உனக்குப் போன்ல வெளிச்சத்தைக் கூட்டவே தெரியாதேடி."

"அது போன வருஷம்."

ஆபரேஷன் முடிந்த இரண்டாவது மாதத்திலேயே இறக்கிவிட்டாளாம். "நீ தினமும் டாங்கி, லாரின்னு சொல்றே. ஒண்ணும் புரியல. புரிஞ்சா நடுவுல நானும் ஏதாவது பேசலாமேன்னு பாத்தேன். எந்தக் குழுவுல இடம் இருந்துச்சோ அதுல சேந்தேன். ஒரு நாள் எதிர்ல ஒரு படை. டாங்கி ஒண்ணையும் காணோம், லாரியெல்லாம் மணி அடிச்ச மாதிரி வந்து நிக்குது. டாங்கிக்கு முன்னாடி லாரியை அனுப்புற ஆளு உலகத்துல நீ ஒருத்திதானே. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சதும் சொல்லியிருக்கக் கூடாதா?"

"மூணு தடவை சொல்ல வந்தேன். 'அக்கா, நானும்'னு ஆரம்பிச்சேன். 'இரு இரு, முதல்ல இதைக் கேளு'ன்னே."

"அதுக்காக என் திட்டத்தை வெச்சே என்னை அடிப்பியா?"

"காதுல விழுந்ததை நான் என்ன பண்றது, காதைக் கழட்டி வெச்சுட்டா ஆடுவேன்? மொதல்ல ஒரு மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் ஜெயிச்சேன். படுத்த படுக்கையில கிடக்கிறவ ஜெயிச்சா எப்படி இருக்கும்னு நினைக்கிறே? நல்லா இருந்துச்சுக்கா."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. எனக்கு மருந்துக்கடையின் ஞாபகம்தான் வந்தது. அவரை வெளியேற்றியதைச் சொன்னேன். தினமும் ஒரு மணி நேரம் பேசியவள், அதை மட்டும் அவளிடம் மூச்சு விடாமல் வைத்திருந்திருக்கிறேன்.

"இது விளையாட்டுன்னுதானேக்கா நினைச்சேன்" என்றாள். "அந்த ஆள் பேரைக் கெடுத்தாச்சா?"

"நான் கெடுத்தேன். நீ இல்ல."

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் ஒரு கணக்கு ஓடியது, மறைப்பானேன். நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. நாளைக்கு இரண்டு நகர்வு பாக்கி. தங்கச்சியிடம் வாயை மூடிக்கொண்டால் பின்வாசல்காரனுக்குக் கண் கிடையாது. பாலத்து ஊர் எங்களுக்கு, திட்டம் போடுகிற இடம் எனக்கு. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இவ்வளவு பாதுகாப்பான திட்டம் ஒன்று என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்ததில்லை. அது அவ்வளவு சுலபமாக வந்து உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் எனக்கு என் மேலேயே பயம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

கடையில் மூன்று பேர் நின்றார்கள். அவர் என்னைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த மருந்துச் சீட்டைப் பார்த்தார்.

"பிரஷர் மாத்திரையாம்மா?"

"இல்ல தம்பி. சொல்லிட்டுப் போக வந்தேன். திட்டத்தை வெளிய சொன்னது நீங்க இல்ல. நான். என் தங்கச்சிகிட்ட தினமும் போன்ல சொல்லிட்டிருந்தேன். அவதான் நாப்பத்தேழு. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். உங்க பேரை முதல்ல எடுத்ததும் நான்தான்."

இருமல் மருந்துக்கு நின்ற அம்மா இருமுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அவர் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கத்தரியால் பாதியில் வெட்டியபடி நின்றுவிட்டார்.

"தங்கச்சியா?"

"கூடப் பிறந்தவ."

"நாலு நாளா எங்க வீட்டுல என் மச்சான்கூட நான் பேசலம்மா" என்றார். "அவன்தான் எங்க வீட்டுக்கு வந்தப்போ என் போனைப் பாத்திருப்பான்னு நினைச்சு, போடான்னு சொல்லிட்டேன்."

இது எனக்குத் தெரியாது.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? எங்க எழுதினீங்களோ அங்க எழுதுங்க."

அங்கேயே நின்று எழுதினேன். எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி, ஒன்றையும் குறைக்காமல். வெல்டர் எதுவும் போடவில்லை. டாக்டரின் பதில் கொஞ்ச நேரத்தில் வந்தது. மருந்துக்கடைக்காரரைத் திரும்பச் சேர்த்தாகிவிட்டது, எல்லோர் சார்பாகவும் மன்னிப்பு, நாளை முதல் திட்டம் அவர் போடுவார், டிப்போம்மா லாரிகளை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. நியாயம்தான். இருந்தாலும் இரண்டு தடவை படித்தேன்.

அவர் தன் போனில் அதைப் படித்தார். முதலில் மச்சானுக்குப் போன் போட்டு, "சாப்பிட வாடா, வந்து சொல்றேன்" என்றார். இருமல் மருந்தைக் கொடுத்து அந்த அம்மாவை அனுப்பினார். பிறகு ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துத் திருப்பிப் போட்டு ஆறும் பாலமும் வரைந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"சரி, நாளைக்கு அவங்களுக்கு உங்க திட்டம் தெரியாது. தெரியாதப்போ உங்க தங்கச்சி என்ன பண்ணுவாங்க? பொறுத்துப் பாப்பாங்களா, பாஞ்சுடுவாங்களா? பயந்த ஆளா, துணிஞ்ச ஆளா?"

நான் வாயைத் திறந்தேன். அறுபத்திரண்டு வருஷத்துத் தங்கச்சி.

"தெரியல" என்றேன்.

"என்னம்மா, தினமும் ஒரு மணி நேரம் பேசுறதா எழுதியிருக்கீங்க?"

"ஆமா" என்றேன். "நான்தான் பேசுவேன்."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த ஆளின் சீட்டை வாங்கினார்.