காவல்காரர்கள் தூங்காத தூக்கம்

“அம்மா தூங்காத தூக்கமெல்லாம் எங்க போகுது, அங்கிள்?” என்று ஏழு வயதுத் தாரணி ஒருநாள் கேட்டாள். சிங்கப்பூர் தேக்காவில் மளிகைக் கடை வைத்திருந்த ஒலி முகம்மது மல்லி நிறுப்பதை நிறுத்தினார். அவர் கடை மாடியில் தூக்கம் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது.

அந்தத் தெருவில் மாட்டுத் தொழுவங்கள் இருந்த காலத்தில், ஜாகா எனப்பட்ட இரவுக் காவல்காரர்கள் கடைவாசல்களில் கயிற்றுக் கட்டில் போட்டு விழித்திருந்தார்கள். மூங்கிலைத் தட்டிக்கொண்டு நடந்து, ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்த்தார்கள். எங்காவது புகை கிளம்பினால் தெருவையே எழுப்பினார்கள். பிரசவ வலி கண்ட வீட்டுக்கு மருத்துவச்சியை அழைத்து வந்ததும் அவர்கள்தான். அதற்குத் தனிக் கூலி இல்லை. விடிந்ததும், அப்போதைய கடைக்காரர் இரக்கப்பட்டு ஒதுக்கிய அந்த மாடியில் போய்ப் படுப்பார்கள். கீழே மாடுகளும் வண்டிகளும் போட்ட சத்தத்தில் கண் மூட முடியாது. வந்த தூக்கம் ஆளுக்குள் இறங்க வழியில்லாமல் தரையிலேயே தங்கிவிட்டது. பிறருக்காக விட்டுக்கொடுத்த எதையும் கடவுள் வீணாக்குவதில்லை. காவல்காரர்கள் காலமான பின்னும் அது வற்றவில்லை. சாம்பல் நிறம், துவைத்துக் காய்ந்த வேட்டியின் வாசம். ஒலி முகம்மதின் தங்கை மகன் இம்ரான் பல்பு மாற்ற ஏறி, அங்கேயே தூங்கிப்போய், தன் நிக்காஹ் தேதி கடந்த பிறகுதான் இறங்கினான். அதன்பின் மாடியில் சாமான் வைப்பதில்லை. அதற்காக வாடகையும் குறையவில்லை.

தாரணியின் அம்மா ரத்தினம்மா, ஜூரோங் தொழிற்சாலை ஒன்றில் இரவு செக்யூரிட்டி. தோ பாயோ அடுக்குமாடியில் அவள் வீட்டுக்கு மேல்வீட்டில் சுவர் இடிக்கத் தொடங்கியபோது பகல் தூக்கம் போனது. இடிப்பு வேலை முடிந்தும் தூக்கம் திரும்பவில்லை. நான்கு மாதங்களில் கை நடுங்க ஆரம்பித்தது. மருந்தும் பலிக்கவில்லை. மேற்பார்வையாளர் ரஞ்சன் அவளை டியூட்டியிலிருந்து நிறுத்திவைத்து, மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேலை இல்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டார். தாயும் மகளும் அந்த ஒரு சம்பளத்தில்தான் இருந்தார்கள்.

“மாடியில நெறைய இருக்கு, தங்கச்சி. போய்ப் படுங்க,” என்றார் ஒலி முகம்மது, மகளோடு சாமான் வாங்க வந்திருந்த அவளிடம்.

“விளையாடாதீங்க லா, பாய். நானே பைத்தியம் பிடிக்கிற நெலமையில இருக்கேன்.”

“இம்ரானைக் கேளுங்க. பொண்ணு வீட்டுல இன்னும் திட்டு வாங்குறான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா இது கடன்தான். திருப்பிக் குடுத்துடணும்.”

“தூக்கத்தை எப்படி பாய் திருப்பிக் குடுக்கிறது?”

“அவங்க சேர்த்த மாதிரிதான். யாருக்காவது ஒரு ராத்திரி முழிச்சிருங்க, கூலி வாங்காம.”

அவர் மனைவி ஜரீனா தாரணியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். ரத்தினம்மா வெள்ளி மதியம் மாடி ஏறினாள். கீழே தீபாவளிச் சந்தையின் ஒலிபெருக்கிகள் அலறின. அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை. ஞாயிறு காலை இறங்கி வந்தவளைப் பார்த்துப் பூக்கடைப் பாப்பாத்தி, “அடியே, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கியே!” என்று கத்தி, ஒரு முழம் மல்லிகையை வைத்துவிட்டாள். ரத்தினம்மா நின்றபடியே ஐந்து பரோட்டா சாப்பிட்டாள். மறுநாள் ரஞ்சன் தளும்பத் தளும்பத் தேநீர்க் கோப்பையைக் கொடுத்து, வாசலிலிருந்து கிடங்குவரை நடக்கச் சொன்னார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பகல் ஷிப்ட் ஆட்கள் விசிலடித்துக் கைதட்டினார்கள். “போதும், இன்னிக்கே டியூட்டி போட்டுடுறேன்,” என்று ரஞ்சனும் சிரித்துவிட்டார்.

செய்தி பரவியது. தாதியரும் டாக்சி ஓட்டுநர்களும் மாடிக்கு வரத் தொடங்கினார்கள். யார் திருப்பிக் கொடுத்தார்கள் என்று ஒலி முகம்மது கேட்டதே இல்லை. தூக்கத்தின் மட்டம் ஒரு விரல்கூடக் குறையவில்லை.

ரத்தினம்மாவின் விடுப்பு நாளன்று, எதிர்வீட்டுச் சீன முதியவர் மருத்துவமனையிலிருந்து தனியாகத் திரும்பியிருந்தார். தாரணி தூங்கியபின் ரத்தினம்மா அவர் வீட்டு இரும்புக் கதவருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே இருமல் எழும்போதெல்லாம், மூச்சு மறுபடி சீராகும்வரை காது கொடுத்துக் கேட்டாள். விடியற்காலையில் அவர் எழுந்து விளக்கைப் போடுவதற்குள் நாற்காலியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டாள். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. அன்று அவள் தூங்காத தூக்கம், முதல் ரயில் கிளம்புவதற்கு முன்பே தேக்கா போய்ச் சேர்ந்துவிட்டது.